பருப்பு வேகாத நீரில் செழிக்கும் வண்ண மீன்கள்

கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன் வளர்க்க ஆசைப்படுவோரில் பலர், வீட்டுக் கிணற்று நீர் கடினமாக இருப்பதைக் கண்டு அந்த ஆசையை விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர், குடிப்பதற்கென்று வைத்துள்ள சுத்திகரிப்புக் கருவியிலிருந்து குடம் குடமாக நீர் பிடித்துத் தொட்டியில் ஊற்றுகிறார்கள். சோப்பு நுரைக்காத, பருப்பு வேகாத நீரே உகந்தது என்று வாழும் வண்ண மீன்களும் உண்டு. ஆப்பிரிக்காவின் பெரிய ஏரிகளைத் தாயகமாகக் கொண்ட சிக்லிட் மீன்கள் அவ்வகையைச் சேர்ந்தவை. மஞ்சள், நீலம், ஊதா, ஆரஞ்சு என்று கடல் மீன்களோடு போட்டி போடும் நிறங்கள் இவற்றுக்கு உண்டு. ஆனால் வாழ்வது நன்னீரில்தான். வண்ண மீன் வாணிபத்திற்குப் பெயர் பெற்ற சென்னை கொளத்தூரிலும் மற்ற ஊர்க் கடைகளிலும் இவை கிடைக்கின்றன.

மீன் கிடைப்பதில் தொல்லை இல்லை. வாங்கிச் சென்ற மூன்றாவது நான்காவது வாரத்தில் அவை ஒவ்வொன்றாக மடிவதுதான் தொல்லை. கடைக்காரர் நோயுற்ற மீனைத் தந்துவிட்டார் என்று குறை கூறுவது வழக்கம். பெரும்பாலும் நோய் காரணமல்ல. தொட்டி தயாராகும் முன்பே மீனை விட்ட அவசரமே காரணம். எந்த வண்ண மீனுக்கும் இது பொருந்தும் என்றாலும், கார நீரில் வாழும் இந்த மீன்களுக்கு அந்த அவசரம் பல மடங்கு கேடு செய்கிறது. ஏன் என்பதைப் பின்னர் காண்போம்.

தாயகம்

சிக்லிட் என்ற பெயர் புதிதாகத் தோன்றலாம். ஆனால் இக்குடும்பத்து மீனைத் தின்னாதவர் தமிழ்நாட்டில் குறைவு. குளம் குட்டைகளில் மண்டிக் கிடக்கும் ஜிலேபிக் கெண்டை, 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க சிக்லிட் மீனே. கேரளத்தார் கரிமீன் என்று போற்றும் மீனும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அது நம் நாட்டு மீனே.

கண்ணாடித் தொட்டிக்கு வருபவை பெரும்பாலும் மலாவி ஏரியின் மீன்கள். மலாவி, மொசாம்பிக், தான்சானியா ஆகிய மூன்று நாடுகளின் நடுவே சுமார் 570 கிலோ மீட்டர் நீளத்திற்குக் கிடக்கும் ஏரி அது. ஆழம் 700 மீட்டர். அதில் 500-க்கும் மேற்பட்ட சிக்லிட் இனங்கள் உள்ளன. அவற்றில் மிகப் பலவற்றை உலகில் வேறெங்கும் காண முடியாது. ஏரியின் தென்முனையில் உள்ள தேசியப் பூங்காவை 1984-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததற்கும் இம்மீன்களே காரணம்.

இவற்றில் கரையோரப் பாறைகளை ஒட்டி வாழும் கூட்டத்திற்கு 'ம்புனா' என்று பெயர். அக்கரையில் வாழும் டோங்கா மக்களின் மொழியில் இதற்குப் பாறை மீன் என்று பொருள். பாறைமீது படரும் பாசியைச் சுரண்டித் தின்பதும், பாறை இடுக்கை வீடாகக் கொண்டு அதைக் காக்கச் சண்டையிடுவதும் இவற்றின் வாழ்க்கை. தொட்டி அமைப்பதில் செய்ய வேண்டிய எல்லாமே இந்த இரண்டு குணங்களிலிருந்து பிறப்பவைதாம். தங்கனீக்கா ஏரி மீன்களும் அழகானவையே. காலியான நத்தை ஓட்டுக்குள் குடித்தனம் நடத்தும் இரண்டங்குல மீன்கூட அங்கே உண்டு. எனினும் முதன்முதலாக வளர்ப்போர் மலாவியின் பாறை மீன்களோடு தொடங்குவதே நலம்.

தொட்டி

இரண்டு அடித் தொட்டியில் இம்மீன்களை வளர்க்க முயல்வது வீண். குறைந்தது நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி வேண்டும். இது ஒன்பது கன அடி. அதாவது சுமார் 250 லிட்டர். கல்லும் மணலும் இட்டபின் 200 லிட்டர் நீர் நிற்கும். உயரத்தைவிட நீளமும் அகலமும் முக்கியம். துரத்தப்படும் மீன் ஓடி ஒளியத் தரைதான் வேண்டும். உயரம் அதற்கு உதவாது.

கண்ணாடி 10 மில்லி மீட்டர் கனமுள்ளதாக இருக்கட்டும். நீர், கல், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து நான்கைந்து நெல் மூட்டைகளின் எடை வரும். ஆகவே சாதாரண மேசையின்மேல் வைக்கலாகாது. இரும்புச் சட்டத்தாலான தாங்கியின்மேல் கனமான பலகை இட்டு, அதன்மேல் தெர்மோகோல் தகடு விரித்துத் தொட்டியை வைக்க வேண்டும். தகடு இல்லாவிட்டால், பலகையில் கிடக்கும் சிறு கல்லே அடிக்கண்ணாடியைப் பிளந்துவிடும். வெயில் நேராக விழும் சன்னலோரம் ஆகாது. மேல்மூடி அவசியம், துரத்தப்படும் மீன் துள்ளி வெளியே விழுவதுண்டு.

நீர்

மலாவி ஏரி நீரின் கார அமில நிலை, அதாவது பி.எச்., 7.7 முதல் 8.8 வரை உள்ளது. வெப்பம் 24 முதல் 28 டிகிரி. தொட்டியில் கார அமில நிலை 8-ஐ ஒட்டி நின்றால் போதும். தமிழ்நாட்டின் ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றில் நீர் ஏறக்குறைய இந்த நிலையிலேயே உள்ளது. பாசன நீரை ஆய்வு செய்து தரும் மண் பரிசோதனை நிலையத்தில் ஒரு பாட்டில் நீரைக் கொடுத்தால் விவரம் தெரிந்துவிடும்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். கடின நீர் வேறு, உவர் நீர் வேறு. சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் மிகுந்தது கடின நீர்; சமையல் உப்பின் கூறு மிகுந்தது உவர் நீர். கடற்கரையோர ஊர்களில் வாயில் வைத்தாலே கரிக்கும் நீரைக் கண்டு, இது கடின நீர்தானே என்று எண்ணி மீனை விடலாகாது. கடின நீரை மென்மையாக்கவென்று குழாயில் பொருத்தும் கருவியும் வேண்டாம். அது சுண்ணாம்பை எடுத்துவிட்டுச் சோடியத்தைச் சேர்க்கிறது. மீனுக்குத் தேவையானது போய்த் தேவையற்றது வருகிறது.

மலையடிவார ஊர்களிலும், ஆற்றுநீர் குழாயில் வரும் நகரங்களிலும் நீர் மென்மையாக இருக்கும். அங்கே உள்ளவர்கள் மருந்துக் கடையையோ வெளிநாட்டு உப்புப் பொட்டலத்தையோ தேடிப் போக வேண்டியதில்லை. முட்டைக் கோழித் தீவனத்தில் கலக்கும் கிளிஞ்சல் துண்டுகளே போதும். நன்கு கழுவி, இரண்டு மூன்று கைப்பிடி அளவைத் துணிப்பையில் கட்டி, நீர் ஓடும் வடிகட்டியில் வைத்தால், சிறிது சிறிதாகக் கரைந்து காரத்தன்மையை நிலைநிறுத்தும். பவளப் பாறைத் துண்டுகளை இடும் வழக்கம் முன்பு இருந்தது. பவளம் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதை எடுப்பதும் விற்பதும் குற்றம். கிளிஞ்சல் அதே வேலையைச் செய்யும்போது பவளத்தைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

நகராட்சிக் குழாய் நீரானால் அதில் குளோரின் இருக்கும். அகன்ற பாத்திரத்தில் பிடித்து, காற்றுக் குழாயை ஓடவிட்டு, ஒரு நாள் வைத்திருந்து பயன்படுத்த வேண்டும். ஆழ்குழாய் நீரில் குளோரின் இல்லை. ஆனால் நிலத்தடியிலிருந்து வரும்போது அதில் பிராணவாயு குறைவு. ஆகவே அதையும் காற்றாட வைத்தே ஊற்ற வேண்டும்.

கல் அடுக்கும் முறை

பாறை மீனுக்குப் பாறைதான் வீடு, கோட்டை, மறைவிடம் எல்லாம். கல் குறைந்தால் சண்டை கூடும். தொட்டி நீளத்தின் பெரும்பகுதிக்கு, பின்புறமாக, உயரத்தில் பாதிக்கு மேல் வரும்படி கற்களை அடுக்க வேண்டும். ஒவ்வோர் அடுக்கிலும் மீன் நுழைந்து மறுபக்கம் வெளிவரும்படி இடுக்குகள் இருக்கட்டும். ஒரே வாயில் உள்ள குகை பொறியாகிவிடும். வலுத்த ஆண் வாயிலில் நின்றுகொண்டால் உள்ளே சிக்கிய மீன் தப்ப வழியில்லை.

முதலில் கல், பிறகு மணல். இந்த வரிசையை மாற்றலாகாது. மணலைப் பரப்பி அதன்மேல் கல்லை அடுக்கினால், வாயால் மணலை அள்ளி அள்ளித் துப்பும் இம்மீன்கள் ஓரிரு வாரங்களில் அடிமணலைத் தோண்டிவிடும். கல் சரிந்து கண்ணாடி உடையும். அடிக்கண்ணாடியின்மேல் மெல்லிய தெர்மோகோல் அல்லது பிளாஸ்டிக் தகட்டை விரித்து, அதன்மேல் பெரிய கற்களை அசையாமல் நிறுத்தி, பிறகு ஓரங்குல உயரத்திற்கு மணல் இட வேண்டும். மணல் கலங்கல் போகும்வரை அலசப்பட்டதாக இருக்கட்டும்.

கருங்கல், ஆற்றுக் கூழாங்கல், சுண்ணாம்புக்கல் எதுவும் ஏற்றதே. மற்ற வண்ண மீன்களுக்குச் சுண்ணாம்புக்கல் ஆகாது என்பார்கள். இம்மீன்களுக்கு அது நன்மையே. கல்லின்மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் பொங்கி நுரைப்பது சுண்ணாம்புக்கல். கூர்மையான விளிம்புள்ள கல்லும், உலோகப் பளபளப்போடு கூடிய கல்லும் வேண்டாம். செடிகள் வைத்தால் தோண்டி எறியும், இல்லாவிட்டால் தின்றுவிடும். பிளாஸ்டிக் தாமரையும் பொம்மைக் கோட்டையும் வைப்பவர்களைத் தடுப்பதற்கில்லை. மீன் அவற்றையும் புரட்டிப் போடும்.

காத்திருக்க வேண்டிய ஆறு வாரம்

நீர் நிரப்பி, வடிகட்டியை ஓடவிட்டு, நீர் தெளிந்ததும் மறுநாளே மீன் வாங்கிவருவது வழக்கமாகிவிட்டது. இங்கேதான் காசு கரைகிறது.

மீனின் கழிவும் மிஞ்சிய இரையும் நீரில் அம்மோனியாவாகின்றன. யூரியா இட்ட வயலில் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்களை உழவர் அறிவர். தொட்டியிலும் அதே வேலையை நுண்ணுயிர்கள்தாம் செய்ய வேண்டும். வடிகட்டியின் பஞ்சிலும் கல்லிலும் மணலிலும் அவை பற்றிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகிறது. அதுவரை அம்மோனியா நீரிலேயே தங்கி மீனின் செவுளை அரிக்கும்.

அம்மோனியா நீரில் இரண்டு வடிவில் இருக்கிறது. ஒன்று மீனுக்கு அதிகக் கேடு செய்யாது. மற்றொன்று கொடிய நஞ்சு. எது எவ்வளவு என்பதைக் கார அமில நிலையே தீர்மானிக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில், கார அமில நிலை 7-ல் மொத்த அம்மோனியாவில் நஞ்சு வடிவம் நூற்றுக்கு அரைப் பங்கு அளவே. நிலை 8-ல் அது 5 பங்காகிறது. 8.5-ல் 15 பங்கு. அதாவது, நடுநிலை நீரில் தங்கமீன் தாங்கிக்கொள்ளும் அதே அழுக்கு, கார நீரில் உள்ள சிக்லிட் மீனைக் கொன்றுவிடும். நீரின் கடினத்தன்மை மீனுக்கு உகந்ததாக இருப்பதும், அதே நீர் அவசரக்காரரைத் தண்டிப்பதும் இதனால்தான்.

ஆகவே மீன் இல்லாத தொட்டியில் வடிகட்டியை இரவு பகலாக ஓடவிட்டு, நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் தீவனம் தூவிவர வேண்டும். அது அழுகி அம்மோனியா தரும். நுண்ணுயிர் அதை உண்டு பெருகும். கடைகளில் கிடைக்கும் சோதனைத் திரவத்தால் வாரம் இருமுறை பார்த்தால், முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், பின்பு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யத்திற்கு வந்து சில நாள் நிலைத்த பிறகே மீன் வாங்கப் புறப்பட வேண்டும். நோயற்ற பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அழுக்கேறிய வடிகட்டிப் பஞ்சு ஒன்றைக் கேட்டு வாங்கிப் புதிய வடிகட்டியில் வைத்தால், தயிருக்கு உறை ஊற்றியது போல வேலை விரைவாக முடியும்.

வடிகட்டி மணிக்கு ஆயிரம் லிட்டருக்குக் குறையாமல் நீரைச் சுற்றிவிட வேண்டும். மின்தடை உள்ள ஊர்களில் மின்கலத்தால் இயங்கும் காற்றுப் பம்ப் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்வது அவசியம். மூடிய டப்பா வடிவிலான வடிகட்டியானால், பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் நின்றபின் அப்படியே ஓடவிடலாகாது. உள்ளே நுண்ணுயிர் மூச்சுமுட்டி மடிந்து நீர் நாறியிருக்கும். திறந்து, தொட்டி நீரிலேயே பஞ்சை அலசிவிட்டுப் பிறகு ஓட்ட வேண்டும். எப்போது பஞ்சைக் கழுவினாலும் தொட்டியிலிருந்து எடுத்த நீரில்தான் கழுவ வேண்டும். குளோரின் உள்ள குழாய் நீரில் கழுவினால் ஆறு வார உழைப்பு ஒரு நிமிடத்தில் போய்விடும்.

எந்த மீன், எத்தனை

கடையில் ஓரங்குலக் குஞ்சாக இருக்கும்போது எல்லாமே சாதுவாகத் தெரியும். ஆரட்டஸ் என்ற வரிவரியான மீனையும், கென்யி என்ற மீனையும் முதல் தொட்டியில் சேர்க்கலாகாது. வளர்ந்த ஆண் மற்றவற்றைக் கொன்று தீர்க்கும். கென்யி ஒரு வேடிக்கையான மீன். குஞ்சுகள் எல்லாம் நீலம். பெண் நீலமாகவே இருக்க, ஆண் மட்டும் வளர வளர மஞ்சளாகிறது. இரண்டு நிறம் கண்டு இரண்டு இனம் என்று எண்ணுவோர் உண்டு.

தொடங்குவோருக்கு ஏற்றவை எலக்ட்ரிக் எல்லோ என்ற மஞ்சள் மீனும், ரஸ்டி என்ற செம்பழுப்பு ஊதா மீனும், உடல் நீலமும் வால் மஞ்சளுமான அசெய் மீனும். மூன்றும் ஒன்றுக்கொன்று நிறத்தில் வேறுபட்டவை. ஒரே நிறச் சாயலுள்ள இனங்களைச் சேர்த்தால் அவற்றுக்குள் பகை மூளும், இனக்கலப்பும் நேரும்.

ஒரு ஜோடி மட்டும் வாங்குவது பெரும் பிழை. இதில் ஜோடி வாழ்க்கை இல்லை. ஆண் ஒன்றும் பெண் ஒன்றும் மட்டும் இருந்தால், ஆண் பெண்ணை ஓயாமல் துரத்திச் சாகடித்துவிடும். ஓர் ஆணுக்கு மூன்று பெண்ணாவது இருக்க வேண்டும். நான்கைந்து மீன் மட்டும் உள்ள தொட்டியில் எல்லா அடியும் நோஞ்சானான ஒன்றின்மேலேயே விழும். பதினைந்துக்கு மேல் இருந்தால் கோபம் பலபேர்மேல் பரவி, யாருக்கும் பெரிய காயமில்லாமல் போகிறது. சண்டைக்கார மீனைக் கூட்டமாக வைப்பது நல்லதென்பது கேட்பதற்கு விந்தையாக இருக்கலாம். ஆனால் அனுபவம் உள்ள வளர்ப்போர் எல்லோரும் கையாளும் முறை இதுவே. கூட்டம் கூடினால் கழிவும் கூடும் என்பதையும், அதைத் தாங்க வலுவான வடிகட்டி வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

குஞ்சில் ஆண் பெண் தெரியாது. ஆகவே இனத்திற்கு எட்டாகச் சிறு குஞ்சுகளாகவே வாங்கி வளர்த்து, ஆண்கள் தெரியத் தொடங்கியதும் மிகையானவற்றைக் கடைக்கே திருப்பித் தந்து, முடிவில் பதினைந்து முதல் பதினெட்டு மீன் நிற்கும்படி செய்யலாம். பையோடு கால் மணி நேரம் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்தபின் மீனை மட்டும் வலையால் எடுத்து விடவும். பின்னால் புதிய மீன் சேர்க்க நேர்ந்தால், அன்று கற்களைக் கலைத்து வேறுவிதமாக அடுக்கிவிட வேண்டும். பழைய மீன்களும் தம் எல்லையை இழந்து திகைத்து நிற்பதால், புதிதாக வந்தவை அடிபடாமல் இடம் பிடிக்கும்.

தங்கமீன், கப்பி, ஏஞ்சல் மீன் எதையும் இவற்றோடு சேர்க்க வேண்டாம். பாசி தின்பதற்கென்று கடைக்காரர் தரும் சக்கர் மீனும் தேவையில்லை. பாசி தின்பது இவற்றின் சொந்தத் தொழில்.

இரை

பாறை மீனின் குடல் நீளமானது. பாசியைச் செரிப்பதற்கென்று அமைந்தது. மற்ற மீன்களுக்குக் கொடுக்கும் சிவப்புப் புழு, இறைச்சித் துண்டு முதலியவற்றை இவற்றுக்குப் போட்டால் வயிறு ஊதி, இரை எடுக்காமல், வெண்மையான நூல்போலக் கழிந்து மடியும். இந்நோய் வந்தபின் பிழைப்பது அரிது. சுருள்பாசி சேர்ந்த தீவனத்தை நாளைக்கு இரண்டு முறை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு மட்டும் இட வேண்டும். வாரம் ஒருமுறை கொதிநீரில் வாட்டிய பசலைக்கீரையோ, தோல் உரித்த பட்டாணியோ கொடுக்கலாம். கீரையைப் பூச்சிமருந்து போக நன்றாகக் கழுவுவது அவசியம். வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டால் கேடில்லை. கண்ணாடியருகே வந்து நின்று கேட்பது பசியால் அல்ல, பழக்கத்தால்.

வாரந்தோறும் கால் பங்கு நீரை, அதாவது மூன்று நான்கு வாளி, மாற்ற வேண்டும். எடுத்த நீரில் நைட்ரேட் இருப்பதால் தென்னை, வாழைக்கு ஊற்றலாம். கோடையில் நீர் 30 டிகிரியைத் தாண்டினால் பிராணவாயு குறைந்து மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். மூடியைச் சற்றுத் திறந்து, வலை போட்டு, நீர்ப்பரப்பின்மேல் சிறு மின்விசிறியின் காற்றுப் படும்படி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி தணியும். வெப்பமூட்டும் கருவி ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களுக்கே தேவை.

வாய்க்குள் வளரும் குஞ்சு

ஜிலேபிக் கெண்டையைப் போலவே இவையும் வாயில் அடைகாப்பவை. பெண் முட்டையிட்டதும் அதைத் தன் வாய்க்குள் எடுத்துக்கொள்கிறது. ஆணின் பின்துடுப்பில் முட்டை போன்ற மஞ்சள் புள்ளிகள் உள்ளன. அவற்றையும் முட்டை என்று கருதி வாயில் எடுக்கப் பெண் நெருங்கும்போது ஆணின் விந்து வாய்க்குள் சென்று முட்டைகள் கருவுறுகின்றன. பிறகு மூன்று வாரம் பெண் ஒன்றும் தின்னாது. தொண்டை புடைத்து, இரை போட்டாலும் ஒதுங்கி நின்றால் கருவுற்றது என்று அறியலாம். அதைத் தொல்லை செய்யாமல் இரண்டு வாரம் கழித்து, அதே நீர் நிரப்பிய சிறு தொட்டிக்கு மாற்றினால் பத்து முதல் முப்பது குஞ்சு வரை கிடைக்கும். குஞ்சுகளுக்குத் தீவனத்தைப் பொடித்துத் தூவினால் போதும். துப்பியபின் தாய்க்கு நான்கு நாள் தனியே நல்ல இரை கொடுத்துப் பெரிய தொட்டிக்குத் திருப்பலாம்.

குஞ்சு பெருகியதும் இடம் போதாமல் பக்கத்துக் குளத்திலோ கிணற்றிலோ கொண்டுபோய் விடுவோர் உண்டு. இது கூடவே கூடாது. 1952-ல் உணவுக்கென்று வந்த ஜிலேபிக் கெண்டை, நம் கெண்டை இனங்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, பல நீர்த்தேக்கங்களில் இன்றும் அகலாமல் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலேயே விக்டோரியா ஏரியில் 1950-களில் விடப்பட்ட நைல் பெர்ச் என்ற பெருமீன் 1980-களில் பல்கிப் பெருகி, அங்கே வாழ்ந்த நூற்றுக்கணக்கான சிக்லிட் இனங்களை அழித்தது. மிகுந்த குஞ்சுகளைக் கடைகளில் வாங்கிக்கொள்வார்கள். ஓரங்குலத்துக்கு மேல் வளர்ந்து, இனம் கலவாமல் இருக்க வேண்டும். பெற்றோர் எதுவென்று தெரியாத கலப்புக் குஞ்சுக்கு விலை இல்லை.